வாரண்டி நர்சம்மாவும் இருபத்து நாலு வாயும்

வாரண்டி கார்டைக் கடைசி வரிவரை வாசித்த மனிதப்பிறவி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பழனிசெட்டிபட்டியில் இருந்தார். அதை அச்சடித்த கம்பெனிக்காரர்கள்கூட வாசித்திருக்க மாட்டார்கள். வாசித்திருந்தால் பாதியை எடுத்திருப்பார்கள். நம் வீடுகளில் மிக்சி வந்த அன்று அதன் கார்டு பீரோவுக்குள் போகும். மிக்சி நின்ற அன்று அது காணாமல் போயிருக்கும். நர்சம்மா வீட்டில் அது முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது. ஊதுபத்தி இரண்டுக்கும் பொதுவாகத்தான் காட்டப்பட்டது.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். மாடியில் நாலு வருஷம் குடியிருந்த எனக்கே அது தெரியாது. ஊருக்கு நர்சம்மா. 2007-க்குப் பிறகு வாரண்டி நர்சம்மா.

வருசநாட்டு மலையடிவாரத்தில் முப்பது வருஷம் கிராம நர்ஸாக இருந்தவர். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜீப்பிலும் பால் வேனிலும் தடுப்பு மருந்து கொண்டுபோனவர். மருந்து ஒருமுறை சூடேறிவிட்டால் கீழே கொட்டிவிட வேண்டும், மறுபடி குளிர வைத்துப் பிரயோசனம் இல்லை என்பது அவர் வேதம். அந்த முப்பது வருஷமும் டீசல் புகை அவர் வயிற்றைப் புரட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபடியே அந்தப் பள்ளத்தாக்கின் அத்தனை வளைவுகளையும் பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் கைக்கு வந்ததை எல்லாம் மொத்தமாகப் போட்டு, புகையே விடாத ஒரு வண்டியை வாங்கிவிட்டார். எலெக்ட்ரிக் கார். இரண்டே கதவு, ஆஸ்பத்திரிச் சுவர் நிறம், தீப்பெட்டியைக் கொஞ்சம் ஊதிவிட்ட மாதிரி இருக்கும். சத்தமும் கிடையாது. பக்கத்தில் வந்து நிற்கிற வரை தெரியாது. மாடுகள் அதை மன்னிக்கவே இல்லை.

ஊர் சுற்றுவதற்காக அல்ல. வியாழக்கிழமை தோறும் அதில் கடமலைக்குண்டுக்குப் போவார். தன்னிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார், மாத்திரையை முழுங்காமல் முந்தானையில் முடிந்து வைத்திருப்பவர்களை வைவார், திரும்புவார். சம்பளம் நின்றுபோனது அவருக்குத் தெரியும். வேலை நின்றுபோனதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சிக்கல் பேட்டரியில் இருந்தது. முன் சீட்டுக்கு அடியில் எட்டு பேட்டரி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய். மூன்று வருஷத்துக்குள் எது செத்தாலும் கம்பெனி புதுசு தரும், அதாவது புத்தகத்தில் உள்ள விதிகள் ஒன்றுகூட மீறப்படாமல் இருந்தால். மீறினால் சொந்தச் செலவு. அதற்கு நர்சம்மாவிடம் இனி எதுவும் மிச்சமில்லை. கார் கோழிக்கூடு ஆகிவிடும், வியாழக்கிழமை நின்றுபோகும். இதை அவரே ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார், கஞ்சி ஆறுது என்று சொல்வது மாதிரி. “இருபத்து நாலு வாய் தம்பி. நான் பெக்காத வாய். பாத்துக்கிட்டாத்தான் பாத்துக்கிரும்.”

அவர் பார்த்துக்கொண்டது நர்ஸ் பார்ப்பது போலத்தான். காருக்கு ஒரு சார்ட் போட்டார். பெரிய நோட்டில் பச்சை மையில் கோடு கிழித்து, காலை வெப்பம், மாலை வெப்பம், ஏற்றிய கரண்ட், ஓடிய தூரம், குடித்த தண்ணீர். வெப்பத்தைப் புறங்கையால்தான் பார்ப்பார். வீட்டு முன்னால் பந்தலில் பன்னீர் திராட்சை படர்ந்திருந்தது. அதன் நிழலில் கார் நிற்கும், மேலே ஈரச்சாக்கு. பேட்டரி மூடி ஒவ்வொன்றுக்கும் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். டிஸ்டில்டு வாட்டரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, ஒவ்வொரு வாயிலும் கோட்டு அளவுக்கு இறக்குவார். அந்த நேரத்தில் வாசலில் கீரைக்காரி கூப்பிட்டால் பதில் வராது. சுண்டுவிரலைக்கூட அசைக்காமல், “பேஷண்ட் இருக்கு” என்பார், அவ்வளவுதான்.

எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜ் ஏற்றினால் வாரண்டி போச்சு என்பது ஐந்தாவது விதி. ஆகவே சொந்தபந்தம் எல்லாம் இரண்டாகப் பிரிந்தது, எர்த் உள்ள வீடு, எர்த் இல்லாத வீடு. கடமலைக்குண்டில் ஒரு வீட்டுக் கொல்லையில் தானே நின்று குழி தோண்ட வைத்து, கரியும் உப்பும் போட்டு, எர்த் இறக்கினார். போகிற வியாழக்கிழமை எல்லாம் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். புதுசாக வந்த மருமகள் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து ஒரு செம்பருத்திப் பூவை வைத்துவிட்டாள். “பூவு வேணாம்த்தா, உப்பு போடு” என்றாராம்.

அது மின்வெட்டுக் காலம் வேறு. கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் ஆள் உயரம் ஆள் உயரமாகக் காற்றை அள்ளி விழுங்கிக்கொண்டு சுற்றும். வீட்டில் ஃபேன் சுற்றாது. எங்கள் தெருவில் கரண்ட் போகிற நேரம், வருகிற நேரம், வருகிற மாதிரி வந்து ஏமாற்றுகிற நேரம் எல்லாமே அவர் சார்ட்டில் இருந்தது. தெருவே அதைக் கேட்டுத்தான் மாவரைத்தது. லைன்மேனே சைக்கிளை நிறுத்தி, “நாளைக்கு எப்பம்மா?” என்று கேட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மதுரைப் பயணம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி சர்வீஸ். சர்வீஸ் செண்டர் மதுரையில். வண்டி ஓடித்தான் வர வேண்டும்; லாரியில் ஏற்றினாலோ கயிறு கட்டி இழுத்தாலோ வாரண்டி போச்சு. ஒரு சார்ஜில் எண்பது கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. கம்பெனிக்காரர்கள் சமதரையில் பிறந்தவர்கள் போலிருக்கிறது. எங்கள் ஏற்ற இறக்கத்தில் அது ஐம்பதைத் தாண்டாது. அதாவது வாரண்டியைக் காப்பாற்ற வண்டி மதுரைக்குப் போக வேண்டும். வண்டியோ மதுரைக்குப் போகாது. நடுவில் உசிலம்பட்டியில் எர்த் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மேனேஜர் அவர் கையில் பிறந்தவர். அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அவர் கையில்தான் பிறந்தார்கள். மீதிப் பேர் பிறக்க வேண்டிய நேரத்தில் ஜீப் ரிப்பேர்.

துணைக்கு நான் போனேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் காரை ஓரங்கட்டினார்.

“தம்பி, எறங்கிக்கிருங்க.”

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. ஆகக் கூடாதுன்னுதான். நீங்க எம்பது கிலோ இருப்பீக.”

கணவாய் முழுக்க நான் நடந்தேன். கார் என் வேகத்துக்கே என் பக்கத்தில் வந்தது. அவர் ஜன்னல் வழியாக என்னோடு குடும்ப விஷயம் பேசியபடியே வந்தார். பின்னால் வைக்கோல் லாரிக்காரர் ஒருவர் பொறுமையாக ஊர்ந்து வந்து, எங்களைத் தாண்டும்போது தலையை நீட்டி, “அண்ணே, கோவிச்சுக்கிட்டு எறங்கிட்டீகளா? ஏறிக்கிருங்க, அம்மா கூப்புடுறாகல்ல” என்றார். மலைச் சரிவில் வெயில் மஞ்சள் துணி மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு என் எடை கிலோ கிலோவாகத் தெரிந்தது.

மண்டபத்தில் போய்ப் பார்த்தால் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மேனேஜர் இடம் ஒதுக்கி, வாசலுக்குப் பக்கத்திலேயே ஒயரைக் கொடுத்தார். அரை மணியில் காருக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள். பெண் வீட்டார் கொடுக்கிற கார் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு. பெண்ணின் அப்பா காரை இரண்டு சுற்று சுற்றி வந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் உள்ளே ஏறி உட்கார்ந்து ஹாரனையும் அடித்துப் பார்த்துவிட்டார். நர்சம்மா போய்க் கதவைத் திறந்தார்.

“எறங்குங்க. பேஷண்ட் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு.”

அந்த மனிதர் இறங்கியதோடு, மன்னிப்பும் கேட்டார். யாரிடம் என்றுதான் தெரியவில்லை. காரைப் பார்த்துத்தான் கும்பிட்டார்.

பிறகு கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் உறுமியது. நர்சம்மா பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்து இடது கையால் பிளக்கைப் பிடுங்கினார். ஜெனரேட்டர் கரண்ட் கூடாது, பதினோராவது விதி. அவ்வளவு பார்க்கணுமா என்று நான் முனகினேன். “அடுத்தவுக ரத்தம் மாதிரி தம்பி. குரூப்பு பாக்காம ஏத்தக் கூடாது” என்றார். கரண்ட் வருகிற வரை காத்திருந்தோம். காலைப் பந்தி, மதியப் பந்தி இரண்டிலும் சாப்பிட்டோம். கிளம்பும்போது மணப்பெண்ணுக்கு நாடி பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லிவிட்டு வந்தார். சர்வீஸ் செண்டர் ஷட்டரை இறக்கப் போன நேரத்தில் அதன் கீழே நாங்கள் நுழைந்தோம். முத்திரை விழுந்தது.

இப்படி நாலு முத்திரை வாங்கிய வாரண்டியைத்தான் நான் மூன்று தேக்கரண்டித் தண்ணீரில் மூழ்கடிக்கப் பார்த்தேன்.

2009 ஆயுத பூஜை. போடியில் அவர் தம்பிக்கு ஆபரேஷன். தம்பி வீடு எர்த் இல்லாத வீடு, அதனால் பஸ்ஸில் போனார். போகுமுன் எனக்கு முறைப்படி டூட்டி ஒப்படைத்தார். புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், சாக்கை நனைக்க வேண்டும், சார்ட்டில் எழுத வேண்டும். “பதினேழாவது விதி, ஞாபகம் இருக்கட்டும். உரிமையாளர், அவுக வீட்டு ஆளுக தவிர வேற யாரும் மூடியத் தொறந்தா வாரண்டி கிடையாது.” நானும் தலையாட்டினேன்.

என் மனைவிக்குக் கம்பம் சொந்த ஊர். சுருளி அருவித் தண்ணீர் ஒரு பாட்டில் எப்போதும் எங்கள் வீட்டில் இருக்கும். புது ஸ்கூட்டருக்கும், காய்ச்சல் கண்ட குழந்தைக்கும், பரீட்சைக்குப் போகிற பேனாவுக்கும் அதுதான் தெளிக்கப்படும். அன்று எல்லா ஆயுதத்துக்கும் தெளித்துவிட்டு, காருக்கு முன்னால் பாட்டிலோடு யோசித்து நின்றாள்.

“மேல தெளிச்சா என்னத்துக்கு ஆகும்? உசுரு உள்ளல்ல இருக்கு.”

“மூடியத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காக.”

“மொத பேட்டரிக்கு மட்டும். அவுக வாரதுக்குள்ள பிளாஸ்திரிய ஒட்டிப்புடலாம். கெட்டதா செய்யிறோம்?”

கெட்டது செய்யவில்லை என்கிற தைரியத்தில்தான் எவ்வளவு கெட்டது நடக்கிறது. ஒன்றாம் நம்பர் பேட்டரியின் மூன்று வாயைத் திறந்து, அவருடைய சிரிஞ்சாலேயே, வாய்க்கு ஒரு தேக்கரண்டி தீர்த்தம் கொடுத்தேன். எலுமிச்சை நசுக்கினோம், பொரி தின்றோம்.

மூன்றாம் நாள் நர்சம்மா வந்தார். வீட்டைத் திறக்கவில்லை. தோள் பையோடு நேரே பந்தலுக்குப் போய் சீட்டைத் தூக்கினார். நான் மாடிப்படியில் நின்றேன்.

“தம்பி, ட்ரெஸ்ஸிங்கைப் பிரிச்சது யாரு?”

“யாரும் பிரிக்கலையேம்மா.”

“நான் குறுக்க ஒட்டுவேன். இது நெட்டுக்க இருக்கு.”

சொல்லிவிட்டேன். என் மனைவி அதற்குள், தான் எவ்வளவோ தடுத்துப் பார்த்ததாகத் தெரிவித்திருந்தாள். நர்சம்மா வையவில்லை. கடமலைக்குண்டே கேட்டு நடுங்கிய வசவு, அன்று ஒன்றுகூட வரவில்லை. சார்ட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, ஏதோ எழுதி மூடினார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் மனைவியோடு பேசினார். அதுதான் எனக்குக் கூடுதல் தண்டனை.

ஆறு மாதம் போயிருக்கும். வாரண்டி முடிய ஒரே மாதம் பாக்கி. ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போது கண்டமனூர் தாண்டிக் கார் நின்றுவிட்டது. ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்ட பெண்களின் புருஷன்மார் அதைப் பக்கத்தில் எர்த் உள்ள ஒரு வீட்டுக்குத் தள்ளிப்போனார்கள்; அங்கே கரண்ட் ஏற்றி, ஊர்ந்து ஊர்ந்து பந்தலுக்கு வந்து சேர்ந்தது. எட்டில் ஏதோ ஒன்று சாகக் கிடந்தது. நர்சம்மா கம்பெனிக்கு எழுதினார். ஆள் வந்து பார்த்து, ரெக்கார்டும் சரியாக இருந்தால் புதுசு தருவதாகப் பதில் வந்தது.

ஆள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் கீழே இறங்கிப்போய், தலையைச் சொறிந்து, சார்ட்டில் அந்த ஆயுத பூஜைப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமே என்றேன். ஒரு பக்கம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது. 

“ஐஸ் உருகுன மருந்த, உருகலன்னு எழுதிட்டா பிள்ளைக்குப் போடலாமா தம்பி?”

மறுநாள் மதுரையிலிருந்து இன்ஜினியர் வந்தார். டை கட்டியிருந்தார், பந்தலிலிருந்து அதில் ஒரு திராட்சை விழுந்தது. சார்ட்டைக் கொடுத்ததும் சும்மா புரட்டியவர், பிறகு உட்கார்ந்து, பிறகு காப்பி ஆறுவது தெரியாமல் வாசிக்கத் தொடங்கினார். எலி கடித்த கார்டுகளையும், பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத சொந்தக்காரர்களையும் பார்த்துப் பழகியவராம். அந்த ஆயுத பூஜைப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. 

“இதென்னம்மா, சுருளித் தீர்த்தம்?”

“எழுதியிருக்கேன்ல. அதான்.”

அவர் எழுந்து மீட்டரை மாட்டி, ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் பார்த்தார். செத்தது ஆறாம் நம்பர். தீர்த்தம் குடித்த ஒன்றாம் நம்பரை இரண்டு தரம் பார்த்துவிட்டு மீட்டரைத் தட்டினார். எட்டிலும் தெம்பாக இருந்தது அதுதான். மாடிப்படியிலிருந்து என் மனைவி, “டிஸ்டில்டு வாட்டராம் டிஸ்டில்டு வாட்டர்” என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

“ஏத்தா, சும்மா இரு” என்றார் நர்சம்மா, திரும்பாமலே.

தண்ணீரால் ஒன்றும் கெடவில்லை என்று இன்ஜினியரும் ஒத்துக்கொண்டார். ஆனால் பதினேழாவது விதி இருக்கிறதே என்று இழுத்தார். அந்த விதியை வாசித்த இரண்டாவது ஆள் அவர்தான்.

“மூடியத் தொறந்தது யாரும்மா?”

நர்சம்மாதான் திறந்தார் என்று சொல்லிவிட நான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“எழுதியிருக்கே. வீட்டு ஆளு.”

இன்ஜினியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாரையா சொல்றீங்க? மாடியில வாடகைக்கு இருக்கிறவர்னு இப்பத்தானம்மா சொன்னீங்க.”

“ஆமா. மாடியிலதான் இருக்காக.”

“உங்க ரேஷன் கார்டுல இவர் பேர் இருக்கா?”

“ரேஷன் கார்டு அரிசிக்கு. இது சார்ட்டு.”

இன்ஜினியர் நோட்டை மறுபடி கையில் எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் வேகமாகப் புரட்டினார், எங்காவது அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவர் போல. மூன்று வருஷத்தில் ஓர் இடத்திலும் இல்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது திராட்சை ஒரு கொத்து கேட்டு வாங்கிப்போனார்.

புது ஆறாம் நம்பர் வந்தது. அதன் மூன்று வாய்க்கும் நர்சம்மா குறுக்கே பிளாஸ்திரி ஒட்டினார். அடுத்த வியாழக்கிழமை கடமலைக்குண்டில் மறுபடி வசவு கேட்டதாகத் தகவல் வந்தது.

அவர் போயிருந்த அந்த மத்தியானம் நான் பந்தலுக்குப் போய் நோட்டைத் திறந்து பார்த்தேன். எனக்காகக் கடைசி நேரத்தில் எழுதிச் சேர்த்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பச்சை மை பழையது; அதன் மேல் திராட்சைச்சாறு சொட்டிக் காய்ந்த கறைகூடப் பழையது. ஆறாம் நம்பர் சாகும் என்று யாருக்கும் தெரியாத அன்றைக்கே, தோள் பையை இறக்காமல் எழுதியது. ‘ஒன்றாம் நம்பர். சுருளித் தீர்த்தம், மூன்று வாய். தவறு. ஊற்றியவர்: வீட்டு ஆள்.’

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில், எத்தனையோ வீட்டில் இருந்துவிட்டேன். தாள்களில் என்னைக் குடியிருப்பவர் என்றார்கள், வாடகைதாரர் என்றார்கள், விண்ணப்பதாரர் என்றார்கள். பொய்யே எழுதாத ஒரு நோட்டில் மட்டும் நான் வீட்டு ஆள், அதுவும் நான் செய்த தவறுக்குப் பக்கத்தில்.